லேபர் வார்டில் ரத்தத்தைக் கண்ணால் அளப்பதை நிறுத்துவோம்

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 45,000 பெண்கள் இறக்கிறார்கள். இதைத் தடுக்கப் புது மருந்து எதுவும் வரவேண்டியதில்லை. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் இருக்கிறது, உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் இருக்கிறது, இரண்டையும் எப்போது எவ்வளவு கொடுப்பது என்பதற்குப் பெரிய ஆய்வுகளும் இருக்கின்றன. எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்பதை மட்டும் பல வார்டுகளில் யாரும் அளப்பதில்லை. கேஸ் ஷீட்டில் ‘ரத்தப்போக்கு சாதாரணம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுகிறோம்.

கண் ஏமாறும். பெல்காமில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், கண்ணால் மதிப்பிட்ட அளவு, பெண்ணுக்கு அடியில் விரித்து ரத்தத்தைப் பையில் சேர்க்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு காட்டிய அளவைவிட 33% குறைவாக இருந்தது. ரத்தம் துணியில் ஊறுகிறது, ரத்தம் ஒற்றும் மாப்பில் போகிறது, கட்டிலுக்குக் கீழே பக்கெட்டில் பனிக்குட நீரோடு கலக்கிறது. சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் போகும் ரத்தத்தை யாருமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆரோக்கியமான இளம்பெண்ணின் உடலும் நம்மை ஏமாற்றும். கணிசமான ரத்தம் போன பிறகும் பி.பி. தாக்குப்பிடிக்கும், இறங்க ஆரம்பித்தால் மளமளவென்று இறங்கும். பி.பி. குறையட்டும் என்று காத்திருப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார்.

2023-ல் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்களில் நடந்தது. வழக்கமான சிகிச்சை தந்த மருத்துவமனைகளிலும் ரத்தத்தைச் சேகரிக்க விரிப்பு போட்டார்கள், ஆனால் அதில் கோடுகள் இல்லை. அங்கே, சேர்ந்த ரத்தத்தை எடைபோட்டு உறுதிசெய்த ரத்தப்போக்குகளில் சுமார் 51% மட்டுமே அந்த நேரத்தில் கவனிக்கப்பட்டன. கோடு போட்ட விரிப்பும் பயிற்சியும் தந்த இடங்களில் 93%. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, வயிற்றைத் திறந்து அறுவை செய்ய நேர்வது, ரத்தப்போக்கால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் 4.3%-லிருந்து 1.6%. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்தக் குறைவில் பெரும்பங்கு ஒரு லிட்டர் கணக்கிலிருந்து வந்தது. மரணத்தை மட்டும் தனியாக எடுத்து உறுதியாகப் பேச இந்த எண்ணிக்கை போதாது. அப்படியிருந்தும் இதை வார்டுக்குக் கொண்டுவர எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

செய்முறை இதுதான். குழந்தை பிறந்ததும் விரிப்பைப் போட வேண்டும். முன்பே போட்டால் பனிக்குட நீரும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். முதல் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை விரிப்புப் பையின் கோடு, ரத்தம் வரும் வேகம், கர்ப்பப்பையின் இறுக்கம் மூன்றையும் பார்த்து எழுத வேண்டும்; பல்ஸும் பி.பி.யும் கூடவே. 500 மில்லியை எட்டினால் வேறு எதுவும் பார்க்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். 300 மில்லிதான், ஆனால் பல்ஸ் 100-க்கு மேல், அல்லது மேல் பி.பி. 100-க்குக் கீழ் என்றாலும் தொடங்க வேண்டும். 2025-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

கர்ப்பப்பையை மசாஜ் செய்வது, 10 யூனிட் ஆக்சிடோசின் டிரிப்பில், 1 கிராம் டிரானெக்சாமிக் ஆசிட் 10 நிமிடத்தில் மெதுவாக நரம்பு வழியே, சலைன், கிழிசலோ உள்ளே தங்கிய நஞ்சுக்கொடியோ இருக்கிறதா என்ற பரிசோதனை. இவை ஐந்தும் ஒன்றாக நடக்க வேண்டும். நாம் தவறுவது இங்கேதான். ‘முதலில் ஆக்சிடோசின் போடுவோம், நிற்கிறதா பார்ப்போம், அப்புறம் டிரானெக்சாமிக்’ என்று படிப்படியாக ஏறுவது பழகிப்போயிருக்கிறது. 20,060 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ‘வுமன்’ ஆய்வில், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் கொடுத்தபோது ரத்தப்போக்கால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதன்பின் கொடுத்ததில் பயன் தெரியவில்லை. கொடுப்பது 15 நிமிடம் தள்ளிப்போனாலும் பலனில் சுமார் 10% போய்விடுகிறது. ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளுமோ என்ற பயத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அதற்காக எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுவிடலாமா? ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். 15,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘வுமன்-2’ ஆய்வில் ரத்தப்போக்கு குறையவில்லை. ‘செய்’ என்று ஆதாரம் சொல்வதைக் கேட்பவர்கள், ‘வேண்டாம்’ என்று அது சொல்வதையும் கேட்க வேண்டும்.

மருந்து வைக்கும் இடத்திலும் ஆபத்து இருக்கிறது. ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு உதவும் என்று டிரேயில் நாள் முழுக்க வெளியே வைத்தால் வீரியம் போகும். டிரானெக்சாமிக் ஆம்பியூலை மயக்க மருந்து டிராலியில் வைக்கவே கூடாது. முதுகுத்தண்டில் போடும் மரத்துப்போகும் மருந்தான பியூபிவகெய்ன் என்று நினைத்து இதைச் செலுத்திய விபத்துகள் உயிரைப் பறித்திருக்கின்றன. தனி டப்பா, தனி இடம், கொட்டை எழுத்தில் லேபிள்.

விரிப்பு கிடைக்கவில்லை என்பது காரணமாகாது. ரத்தம் ஊறிய மாப்பையும் பேடையும் எடைபோட்டு, காய்ந்த எடையைக் கழித்தால் போதும். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. சமையலறைத் தராசு ஒன்று வாங்க எந்த சர்க்குலரும் வரவேண்டியதில்லை. ஆனால் எடைபோடுவது கொஞ்சம் பிந்தித்தான் தெரியும், விரிப்பு அந்தக் கணமே காட்டும். அதனால் விரிப்பை, வார்டுக்கு வேண்டிய பொருட்களைக் கேட்டு எழுதும் இன்டென்டில் சேர்த்துக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், 500 மில்லி கோட்டைத் தொட்டதும் டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் ஸ்டாஃப் நர்ஸ் சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற எழுத்துபூர்வ அனுமதி. இரவு இரண்டு மணிக்குப் போன் எடுக்கப்படாத பத்து நிமிடம்தான் பல இடங்களில் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அனுமதியை வார்டு சுவரிலேயே ஒட்டுங்கள். மாதக் கூட்டத்தில் இரண்டே எண்களைக் கேளுங்கள்: எத்தனை பிரசவத்தில் ரத்தத்தை அளந்தோம், 500 தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு ஐந்தும் நடந்தது? இரண்டாவது எண் குறைவாக இருந்தால், விடுபட்டது எது என்று கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். அது டிரானெக்சாமிக் என்றால் ஆம்பியூல் எந்த அறையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பரிசோதனை என்றால், வெளிச்சம் சரியாக விழும் விளக்கு அந்த டேபிளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.