சித்தியின் பீரோவில் இருக்கும் ‘நார்மல்’ ரிப்போர்ட்

சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுடி, நாலு பேருக்காவது தெரியட்டும்” என்றாள்.

மும்பை செம்பூரில் இருக்கிறாள். போன வருஷம் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில் பிரஷ்ஷால் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்ததில் நார்மல் என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு பீரோவில் பத்திரப்படுத்தினாள். எட்டே மாதத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தது.

அந்த எட்டு மாதமும் தண்ணியாக வெள்ளைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று உள்பாவாடை மாற்றியதை அப்புறம்தான் சொன்னாள். கிளினிக்கில் போய்க் காட்டியதற்கு, ரிப்போர்ட்தான் நார்மலாக இருக்கிறதே என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்திருப்பது அடினோகார்சினோமா, அதாவது சளி சுரக்கும் சுரப்பிச் செல்லில் வரும் புற்று. கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கம் தட்டையான செல்கள், உள்ளே போகும் குழாயில் சளி சுரக்கும் செல்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்று பெரும்பாலும் தட்டைச் செல்லில்தான் வரும், அதைப் பிடிப்பதில் பாப் ஸ்மியர் கெட்டி. சுரப்பிச் செல்லில் வருவது குழாய்க்குள்ளே வளர்கிறது. பிரஷ் அங்கே எட்டாவிட்டால் மாதிரியிலேயே சிக்காது. சிக்கினாலும் நல்ல செல்லிலிருந்து பிரித்துச் சொல்வது சிரமம். மாதவிடாய் நின்றவர்களுக்கோ, இரண்டு வகைச் செல்லும் சந்திக்கும் இடமே குழாய்க்குள் ஏறிவிடுகிறது. சித்திக்கு வயது 54.

கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவிப் பார்க்கும் சோதனைக்கும் இதே சிக்கல், கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது காட்டும். அதற்காக அதைக் குறைத்துப் பேச மாட்டேன். இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை நடத்திய ஆய்வில், சுமார் 1,50,000 பெண்களைச் சேர்த்து, அந்தச் சோதனையால் இந்தப் புற்றுநோய்ச் சாவு 31 சதவீதம் குறைந்தது. பரிசோதனை செய்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள்.

ஆனால் 2021லேயே உலக சுகாதார நிறுவனம் முதல் சோதனையாக எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட்டைப் பரிந்துரைத்துவிட்டது. எச்.பி.வி. என்பது இந்தப் புற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் வைரஸ். செல்லின் உருவத்தைப் பார்க்காமல் வைரஸைத் தேடுவதால், குழாய்க்குள் இருப்பதும் அகப்பட வாய்ப்பு அதிகம். சுரப்பிச் செல் புற்றில் பெரும்பங்கு எச்.பி.வி. 16, 18 வகைகளால் வருவது. இரண்டுக்குமே தடுப்பூசி இருக்கிறது. இத்தனை தெரிந்தும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த டெஸ்ட் இருப்பதையே யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

இதிலும் ஒன்று இருக்கிறது. சுரப்பிச் செல் புற்றில் கொஞ்சம் வைரஸே இல்லாமலும் வரும். அது எச்.பி.வி. டெஸ்ட்டுக்கும் தப்பிவிடும். அதனால் அக்கா, மதினி, யாராக இருந்தாலும் சரி: தண்ணியாக வெள்ளைப்படுதல் நிற்கவில்லையா, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டதா, உறவுக்குப் பின் ரத்தம் வருகிறதா, பழைய ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு மகப்பேறு டாக்டரிடம் போங்கள். “குழாய்க்குள்ளிருந்தும் மாதிரி எடுப்பீங்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

சித்தி மகளுக்கு 31. சனிக்கிழமை எச்.பி.வி. டெஸ்ட்டுக்குப் போகிறாள், நானும் கூடப் போகிறேன். எனக்கும் எடுக்க வேண்டும்.