வேர்டு ஃபைல்ல கோட்டை அழிச்சது யாரு?

நேத்து போட்டேன்லா, அந்தத் தீசிஸ் படம்? அட்டவணைப் பக்கம் மட்டும் படுக்க வேண்டியது, அதுக்கு முந்தின 140 பக்கமும் அகலவாக்குல படுத்துக்கெடக்குமே, அதேதான். கமெண்ட்ல அத்தனை பேரும் டைப் அடிச்ச பிள்ளையைத்தான் ஏசுதீங்க. அந்தப் பிள்ளை சரியாத்தான் அடிச்சிருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய் “என்னமோ கோடு கெடக்கு”ன்னு டெலீட்டைத் தட்டினது ஆய்வாளர் அய்யா.

திரும்பவும் சொல்லுதேன். நடுவுல ஒரு பக்கத்தை மட்டும் படுக்கப் போடணும்னா முன்னாடி ஒரு செக்‌ஷன் பிரேக், பின்னாடி ஒரு செக்‌ஷன் பிரேக். அய்யா அழிச்ச கோடு இந்தப் பிரேக்தான். லேஅவுட், பிரேக்ஸ், அதுல நெக்ஸ்ட் பேஜ். ரெண்டுக்கும் நடுவுல கர்சரை வச்சு ஓரியண்டேஷனை லேண்ட்ஸ்கேப் ஆக்கணும். அதே பட்டியல்ல மேல இருக்கிற வெறும் பேஜ் பிரேக் இதுக்கு ஆகாது. அது அடுத்த தாளுக்குத் தள்ளும், தாளைத் திருப்பாது.

அந்தக் கோட்டுல அப்படி என்ன இருக்குன்னு கேக்கீங்களா? தாளோட அளவு, மார்ஜின், நீளவாக்கா அகலவாக்கா எல்லாத்தையும் வேர்டு அந்தந்தச் செக்‌ஷன் முடியுற கோட்டுலதான் வச்சிருக்கு. கோட்டை அழிச்சா முன்னாடி உள்ளது பின்னாடி உள்ளதோட குணத்தை வாங்கிக்கிடும். அட்டவணைக்கு முந்தின கோடு போச்சுன்னா 140 பக்கமும் படுக்கும். பிந்தின கோடு போச்சுன்னா அட்டவணை எந்திரிச்சு நின்னுக்கிடும். இது அய்யாவோட ஆராய்ச்சியில வராது போல.

“எழுத்தைச் சின்னதாக்கினா படுக்கப் போடவே வேண்டாமே”ன்னு ஒரு அண்ணாச்சி. அந்த அட்டவணையில உள்ள தாமிரபரணி அணைக்கட்டு எட்டையும் ஒரே வரிசையில போட்டுப் பாருங்க அண்ணாச்சி. ஆண்டுக்கு ஒண்ணு சேர்த்து 9 கட்டம். ஏ4 தாள் அகலம் 210 மி.மீ. பைண்டிங் பக்கம் ஒன்றரை இஞ்ச், அந்தப் பக்கம் ஒரு இஞ்ச் போனா மிச்சம் 146. கட்டத்துக்கு 16 மி.மீ. அதுக்குள்ள கோடைமேலழகியான்ங்கிற அணைக்கட்டுப் பேரு துண்டு துண்டா ஒடிஞ்சு விழும். படுக்கப் போட்டா கட்டத்துக்கு 27 கிடைக்கும்.

அட்டவணையைத் தனி ஃபைலா அடிச்சுச் செருகலாம்னும் ஒருத்தர் சொன்னாரு. செருகுங்க. முன்னாடி ஒரு பக்கம் கூடினா நம்பரை நீங்களே உக்காந்து மாத்துங்க.

ஆனா “ரெண்டு கிளிக்தானே, இதுக்குக் காசா?”ன்னு ஒருத்தர் கேட்டாரு பாருங்க, அதுதான் தாங்க முடியல.

ரெண்டு கிளிக்தானா? தாளைத் திருப்பினதும் ஹெடர், அதான் பக்கத்தோட தலையில வாற வரி, பழைய அகலத்துலயே நிக்கும். வலது ஓரத்துல இருக்க வேண்டிய பக்க எண் நடுவழியில தொங்கும். அதை நிறுத்துற டேப் குறியை நகர்த்தணும். அதுக்கு முன்னாடி, முந்தின ஹெடரோட சேர்த்துக் கட்டி வச்சிருக்கிற லிங்க் டு ப்ரீவியஸை எடுக்கணும். அதையும் படுத்த செக்‌ஷன்ல மட்டும் எடுத்தாப் பத்தாது, அதுக்கு அடுத்த செக்‌ஷன்லயும் எடுக்கணும். இல்லன்னா இங்க கை வச்சா அங்க ஆடும். ஹெடருக்கும் ஃபூட்டருக்கும் தனித்தனியா எடுக்கணும், அது வேற. பிறகு, அட்டவணை பக்கத்தை முட்ட நிரப்பிட்டா கீழ வாற வெறும் பத்தி அடுத்த தாளுக்கு ஓடி, ஒண்ணுமில்லாத பக்கம் ஒண்ணு முளைக்கும். அந்தப் பத்தியோட எழுத்தளவை 1 ஆக்கி, இடைவெளியைச் சைபர் ஆக்கினா ஒழியும். படுத்த பக்கத்தோட தலை பைண்டிங் பக்கம் வரணும், அந்த ஒன்றரை இஞ்ச் இப்ப மேல இருக்கணும். இதை விட்டா தலைப்பு தையலுக்குள்ள போயிரும்.

இவ்வளவையும் செஞ்சு குடுத்த பிள்ளை கெட்ட பேரு வாங்குது. கோட்டை அழிச்சவரு முனைவர் ஆகப்போறாரு. நல்லா இருக்குவே உங்க நியாயம்!

கோடு கண்ணுக்குத் தெரியணும்னா ஹோம் பக்கத்துல, திரும்பி நிக்கிற P மாதிரி (¶) ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்குங்க. அமுக்கிப் பாருங்க, போதும். டெலீட் பக்கம் கை போக வேண்டாம்.

ஃபைலை மூடிட்டாரு, இனி கண்ட்ரோல் இசட் உதவாது. 140ஆம் பக்கத்து முடிவுல புதுசா ஒரு பிரேக் போட்டு, முன்னாடி உள்ளதை நிமிர்த்தி, ஹெடரை முதல்ல இருந்து சரிபார்க்கணும். ராத்திரி அந்தப் பிள்ளைக்கே ஃபைலை அனுப்பியிருக்காரு, “அக்கா, சின்னக் கரெக்‌ஷன்”னு.