தட்டு ஓரத்துக் கத்தரிக்காய்

என் மகளுக்கு நாலு வயசு. போன மாசம் ஒரு நாள் ராத்திரி, சாம்பார் சாதத்தில் கிடந்த கத்தரிக்காய்த் துண்டை ரெண்டு விரலால் நுனியில் பிடித்துத் தூக்கித் தட்டு ஓரத்தில் வைத்தாள், விளிம்பில் விரலை ஒரு தேய் தேய்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். நானும் வழக்கம்போல "காயெல்லாம் சாப்பிடணும்டா, அப்பதான் பெரிய பொண்ணா ஆக முடியும்" என்று பிரசங்கத்தைத் தொடங்கினேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "முதல்ல உன் தட்டைப் பாருடா."

பார்த்தேன். என் தட்டு ஓரத்திலும் நாலு துண்டு கத்தரிக்காய்.

முப்பத்தெட்டு வயசாகிறது, நான் கத்தரிக்காய் சாப்பிடுவதில்லை. புடலங்காய், கொத்தவரங்காயும் அப்படித்தான். இதற்காக யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம் வீடுகளில் ஆம்பளைக்குப் பிடிக்காத காயை வாங்கவே மாட்டார்கள், தப்பித்தவறி வாங்கிவிட்டால் அவனுக்கு மட்டும் ஒரு ஆம்லெட்டோ ரெண்டு அப்பளமோ தனியாக வந்துவிடும். அதே வீட்டில்தான் நாலு வயசுக் குழந்தையைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டு, ஒருத்தர் பூச்சாண்டியைக் கூப்பிட, இன்னொருத்தர் போனில் பொம்மைப் படம் போட்டுக் காட்ட, வாய் லேசாகத் திறக்கும் நேரம் பார்த்து பீன்ஸை உள்ளே தள்ளுகிறோம். அதற்குத் தான் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாது, அப்புறம் எங்கிருந்து ருசி பழகும்?

லஞ்சம் கொடுப்பது இன்னொரு கூத்து. "இந்த நாலு பீன்ஸைச் சாப்பிட்டா ஐஸ்கிரீம்." இதை நானும் நிறைய தடவை செய்திருக்கிறேன். அமெரிக்காவில் லியன் பர்ச் என்ற உளவியலாளர் 1984-ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகிற வயசு வராத சின்னக் குழந்தைகளைக் குடிக்க வைத்தார்கள், கடைசியில் அந்தப் பானத்தின் மேல் முன்பிருந்த விருப்பமும் குறைந்துபோனது. யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. கூலி கொடுத்தால்தான் செய்ய வேண்டியது என்றால் அது நல்ல விஷயமாக இருக்காது என்று நாமே நினைப்போமே, குழந்தை நினைக்காதா.

ஒரு வயசில் பூசணிக்காயை மசித்துக் கொடுத்தபோது வாயைப் பிளந்து வாங்கிய குழந்தைதான், ரெண்டு வயசில் திடீரென்று வாயை இறுக்கிக்கொள்கிறது. உடனே நாம் பிடிவாதம், செல்லம், பாட்டி வளர்ப்பு என்று யார் தலையிலாவது போட்டுவிடுகிறோம். ரெண்டு வயசிலிருந்து ஆறு வயசு வரைக்கும் பழகாத உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான குழந்தைகளிடம் இருக்கிறது. தானாக நடந்து திரியத் தொடங்கிய குழந்தை கண்டதையும் தின்று விஷத்தை விழுங்கிவிடாமலிருக்க இயற்கை போட்ட பூட்டு அது என்று ஒரு விளக்கம் உண்டு. கசப்பும் பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் தூக்கலாகத் தெரியும். பாகற்காயைத் துப்புகிற குழந்தை நடிக்கவில்லை. அந்தப் பூட்டு மெதுவாகத்தான் திறக்கும். ஒரு புதுக் காயை ஏற்றுக்கொள்ளச் சில குழந்தைகளுக்குப் பத்துப் பதினைந்து தடவை ருசி பார்க்க வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது தடவையே "இவளுக்கு இது பிடிக்காது" என்று பட்டம் கட்டி, அதை வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் எல்லாம் அவள் காதுபடவே சொல்லியும் விடுகிறோம்.

எனக்குக் கண் திறந்தது ஒரு கல்யாணப் பந்தியில். பெரியப்பா மகள் பிள்ளைகள் ரெண்டு பேருக்கு நடுவில் இவள் உட்கார்ந்துகொண்டாள். இலையில் பீன்ஸ் பொரியல் ஒரு சிட்டிகை, அவியல் ஒரு கரண்டி, கூட்டு, பச்சடி, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். "சாப்பிடு சாப்பிடு" என்று யாரும் நச்சரிக்கவில்லை, பரிமாறுகிறவருக்கு அடுத்த இலைக்குப் போகிற அவசரம். பக்கத்திலிருந்த அக்கா பீன்ஸை வாயில் போட்டதும் இவளும் போட்டாள். வீட்டில் ஒரு வருஷமாக நாங்கள் போராடித் தோற்ற அதே பீன்ஸ்! (தேங்காய்ப்பூ தாராளமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) சத்துணவுக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து தட்டைக் காலி செய்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் அதே சாம்பார்க் காயை ஒதுக்குகிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதிலிருந்து வீட்டில் ஊட்டுவதை நிறுத்திவிட்டோம். தட்டில் எல்லாம் ஒரு ஸ்பூன் வைப்போம், சாப்பிடுவதும் வைத்துவிடுவதும் அவள் பாடு. முதல் பத்து நாள் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை, "பிள்ளை காயுதுடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை காயவில்லை. முருங்கைக்கீரை ஆய அவளையும் உட்கார வைக்கிறோம், பாதி கீரை தரையில் கிடந்தாலும் "நான் ஆஞ்ச கீரை" என்று ரெண்டு வாய் உள்ளே போகிறது. பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுத்தால் உரித்ததில் முக்கால்வாசி வாய்க்குள்தான் போகும், பக்கத்திலேயே இருங்கள், இந்த வயசில் தொண்டையில் அடைக்கும். பச்சைக் கேரட்டையும் வில்லையாகக் கொடுக்காதீர்கள், துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். ரெண்டு மூன்று உணவைத் தவிர எதையுமே தொடாத, எடை ஏறாத குழந்தை என்றால் என் கதையைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பீட்ரூட்டை அரைத்து தோசை மாவில் ஒளித்து வைக்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. செய்யுங்கள், தப்பில்லை, சத்து உள்ளே போகும். ஆனால் அந்தக் குழந்தைக்குக் கடைசிவரை தோசைதான் தெரியும், பீட்ரூட் தெரியாது.

நேற்று ராத்திரி மறுபடி கத்தரிக்காய், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. இது ஆறாவது தடவை என்று மனைவி கணக்கு சொன்னாள். மகள் ஒரு துண்டை எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு ஓரத்தில் வைத்தாள், அப்புறம் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மூன்று துண்டு சாப்பிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.