அந்த ‘எனினும்’

புலி வாயில் பட்டது திரும்பாதது போல, குருவின் அருட்பார்வையில் பட்டவர்களும் கைவிடப்பட மாட்டார்கள். ரமணர் சொன்ன இந்த உவமையை அருணாசல மலைப் படத்தோடு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அதை ஒட்டியே வரும் அடுத்த பகுதியை யாரும் அனுப்புவதில்லை. எனினும், குரு காட்டிய வழிப்படி தவறாமல் நடக்க வேண்டும் என்கிறார். எனக்கு அந்த ‘எனினும்’ ரொம்ப முக்கியம்.

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசு ஊழியர் திருவண்ணாமலை விரூபாக்ஷி குகையில் ரமணரிடம் கேட்ட கேள்விகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ என்ற சிறு நூலில் இது வருகிறது. அவருக்கு அப்போது 22 வயது. பேசாமல் எழுதியே காட்டினார். எண்ணம் எழுந்தால் இது யாருக்கு என்று பார், எனக்கு என்று தோன்றினால் அந்த ‘நான்’ யார் என்று பார். வழி அவ்வளவுதான். நடக்க வேண்டியது கேட்டவர்.

அம்மா போன பிறகு ஒரு வருடம் எனக்குச் சரியான தூக்கமில்லை. கடைசி நாட்களில் அண்ணன் எட்டிப் பார்க்கவில்லையே என்ற ஆத்திரம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஒரு தியான வகுப்பில் சேர்ந்தேன். முதல் நிலை முடிந்ததும் இரண்டாம் நிலைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அங்கே இருக்கும்வரை அழுகை வரும், மனசு லேசாகும். பேருந்து ஊர் வந்து சேர்வதற்குள் கல் பழைய இடத்துக்கே வந்துவிடும். உடனே அடுத்த வகுப்பு எப்போது என்று தேடுவேன். குரு என்றால் இப்படி நம்மை வாசலிலேயே நிறுத்தி வைப்பவர் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம்தான் திருவண்ணாமலை போனேன். ரமணாசிரமத்துப் பழைய ஹாலில், ரமணர் சாய்ந்திருந்த சோபாவில் இப்போது அவர் படம் இருக்கிறது. எதிரே உட்கார்ந்தேன். கால் மரத்துப்போனது, வெளியே மயில் அகவியது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை. தனக்கென்று தனியாக எதையும் பரிமாற விடாத, விடியுமுன் அடுக்களையில் காய் நறுக்கிய மனிதரின் இடம் அது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. குழம்பு கொதிக்கும்போது திரையில் அண்ணன் பெயர் வரும், வயிறு காந்தும். யாருக்கு இந்தக் கோபம்? எனக்கு. யார் அந்த நான்? பதில் எதுவும் வராது. ஆனால் அந்த ஒரு நொடியில் கோபத்தின் பிடி தளரும். பல நாள் அதுகூட நடக்காது, மறுபடி கேட்பேன். ரமணர் காட்டாமல் போயிருந்தால் இப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டபோது எடுத்தேன். அம்மாவின் திதி பற்றிப் பேசினோம். அவருக்கும் தூக்கமில்லையாம்.