டெமரேர் கப்பலில் தூக்கில் தொங்கியவர்கள்

லண்டன் நேஷனல் கேலரியில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், ஆங்கில ஓவியர் டர்னரின் டெமரேர் கப்பல் ஓவியத்தைத்தான் முதலில் சொல்வேன். 1839இல் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. சூரியன் மறைகிற நேரம். பேய் மாதிரி வெளிறிய பழைய போர்க்கப்பலை, புகை கக்கும் ஒரு சின்ன நீராவிப் படகு உடைப்பதற்கு இழுத்துப் போகிறது. கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வானத்தில் சாயத்தை அப்பி வைத்திருக்கிறார் மனிதர். கப்பலின் கயிறுகளுக்கோ மெல்லிய கோடுகள்தான்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் டர்னர் விட்ட புளுகுகளை ரசித்துச் சொல்வார்கள். 1838 செப்டம்பரில் தேம்ஸ் ஆற்றில் அந்தக் கப்பலை இழுத்தவை இரண்டு படகுகள், ஒன்றல்ல. ஓவியத்தில் நிற்கிற பாய்மரங்களை நிஜத்தில் முன்பே கழற்றிவிட்டார்கள். கப்பல் போனது மேற்கே. ஓவியத்திலோ சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் மறைகிறது. சரி, ஓவியர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். படகை வில்லனாக்கி, "ஐயோ, அந்தக் காலம் போச்சே" என்று புலம்புவதுதான் எனக்கு ஒட்டவில்லை. ஐந்து வருஷம் கழித்து, மழையில் பாய்ந்து வரும் ரயிலை அவ்வளவு ஆசையாக வரைந்தவருக்கு நீராவிமேல் என்ன பகை இருந்திருக்கும்? கப்பலை 5,530 பவுண்டுக்கு உடைப்பவரிடம் விற்றது கடற்படைதான்.

1805 டிராஃபல்கர் போரில் டெமரேர் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலுக்கு அடுத்ததாகப் போய், இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களுக்கு நடுவில் நின்று சண்டை போட்டது. 47 பேர் செத்தார்கள். அந்த ஒரு நாள் பெயரை வைத்துத்தான் ஓவியத்தின் தலைப்பிலேயே 'போரிடும்' என்ற அடைமொழி வந்தது. மற்றபடி அது கைதிகளை அடைக்கும் கப்பலாகவும் சரக்குக் கிடங்காகவும் கிடந்த வருஷங்களே அதிகம்.

அதற்கும் முன்னால், 1801 டிசம்பரில், அயர்லாந்தின் பான்ட்ரி விரிகுடாவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. பிரான்ஸோடு சமாதானப் பேச்சு முடிந்துவிட்டது, ஊருக்குப் போகலாம் என்று காத்திருந்த டெமரேர் மாலுமிகளுக்கு, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகச் சொல்லி உத்தரவு வரப்போகிறது என்று தெரிந்தது. மாட்டோம் என்றார்கள். அதற்குப் பெயர் கலகம். அடுத்த மாதமே போர்ட்ஸ்மத்தில் விசாரணை, பலருக்குத் தூக்கு. அவர்களில் சிலரைத் தொங்கவிட்டது இதே டெமரேரில்.

டர்னரை நான் குறை சொல்லவில்லை. அவர் வரைய நினைத்தது ஒரு மாலை நேரம், அதை அவரைப் போல வரைய ஆள் கிடையாது. என் கோபமெல்லாம் அந்தக் கப்பலைத் தேசப் பெருமையாகவே மட்டும் பார்த்துப் பழகிவிட்டவர்கள்மேல்தான். 2020இல் இருந்து இருபது பவுண்டு நோட்டிலும் அது இருக்கிறது. தூக்கில் போனவர்களுக்கு நோட்டில் இடம் கொடு என்றா கேட்கிறேன்? சூரியன் எந்தத் திசை என்ற ஆராய்ச்சியில் ஐந்து நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டு, அவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாமே.