வாரம் 12 மணி நேரம்தானாம்!

அந்த ரீலை இதுவரை ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். யாருடையது என்று சொல்லத் தேவையில்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரான்ஸில் பள்ளிப் பிள்ளைகளோடு வாரம் 12 மணி நேரம் இங்கிலீஷ் பேசினால் போதுமாம், சம்பளம் வருமாம், மீதி நாளெல்லாம் ஐரோப்பா டூராம். அதுகூடப் போகட்டும். அதன் கீழே என்னை டேக் செய்து சொந்தத்தில் ஒரு பெரியவர் போட்டிருக்கிறார்: "நம்ம பொண்ணும் இப்படித்தான் ஏழு மாசம் சம்பளத்தோட ஊர் சுத்திட்டு வந்துச்சு." பக்கத்தில் சிரிக்கும் பொம்மை நான்கு.

சரி. ஊர் சுற்றியவள் கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை வட பிரான்ஸில், லீல் நகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் ஆங்கில உதவியாசிரியையாக இருந்தேன். 12 மணி நேரம் என்பது வகுப்பில் நிற்கிற நேரம் மட்டும். எனக்கு இரண்டு பள்ளிகள். காலை எட்டு மணிக்கு ஒரு வகுப்பு, அடுத்தது மதியம் மூன்றுக்கு. நடுவில் வீட்டுக்குப் போய்வர பஸ் கிடையாது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குப் படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். அதற்குச் சம்பளம் இல்லை. கல்யாண சமையல்காரரை, பந்தி நடந்த நேரத்துக்கு மட்டும்தான் வேலை செய்தீர் என்று சொல்வீர்களா?

கையில் வந்தது மாதம் 800 யூரோவை ஒட்டி. அப்போது ஒரு யூரோ ஏறக்குறைய 90 ரூபாய். உடனே 90-ஆல் பெருக்குவீர்கள் என்று தெரியும். எங்கள் வீட்டிலும் பெருக்கினார்கள். "72,000 ரூபாயா!" வரவைப் பெருக்கியவர்கள் யாரும் செலவைப் பெருக்கவில்லை. என் அறை வாடகை 390 யூரோ. அதையும் பெருக்குங்கள், 35,000 தாண்டும். அப்போது அங்கே முழுநேர வேலைக்கான குறைந்தபட்சச் சம்பளமே, பிடித்தம் போக, 1,383 யூரோ. அந்த ஊர் விலைவாசி அதற்கு ஏற்றபடிதான் இருக்கும், என் 800-க்கு ஏற்றபடி இருக்காது.

முதல் சம்பளம் அக்டோபர் கடைசியில்தான். அதற்கு முன்பே விமான டிக்கெட், விசா, வாடகை முன்பணம். சம்பளம் போட அங்கே வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும். வீடு கொடுப்பவரோ சம்பளச் சீட்டையும் ஜாமீன் ஆளையும் கேட்பார். "வாடகைக்கு அரசு உதவித்தொகை உண்டே" என்று பிரான்ஸில் இருக்கும் நண்பர்கள் வருவீர்கள். உண்டு. முதல் மாதத்துக்குக் கிடையாது. பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மறுபடி ஒரு காகிதம் என்று என் கைக்கு வந்தபோது பிப்ரவரி. வந்ததல்லவா என்றால், வந்தது, நன்றி. அக்டோபரில் அதைச் சாப்பிட முடியவில்லை. அம்மாவின் இரண்டு வளையல்தான் சாப்பாடு போட்டது. அவற்றை அடகுக் கடையிலிருந்து மீட்டது மார்ச்சில்.

"புதுச்சேரிக்காரிக்கு பிரான்ஸில் என்ன கஷ்டம்?" என்று இன்னொருவர். எங்கள் குடும்பத்தில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், யாரும் இல்லை ஐயா. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-இல், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தாத்தா கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் "அறுப்பு இருந்துச்சு" என்பார். அந்த அறுப்புக்காகத்தான் நான் விசாவுக்கு நின்றேன்.

வளைகுடாவில் நம் ஆட்கள் படும் பாட்டுக்கு முன்னால் இதெல்லாம் கஷ்டமா என்று கேட்பீர்கள். இல்லை. இதற்கு என்னிடம் பதில் கிடையாது. என் மாமா குவைத்தில் பதினோரு வருடம் இருந்தார். அவர் எதிரில் நான் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆனால் அவர் ஒருநாளும் என்னிடம் "ஊர் சுத்தினியா" என்று கேட்டதில்லை. போன் செய்தால் "சாப்ட்டியாம்மா" என்பார், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் போனாய், யார் கையைப் பிடித்து இழுத்தார்கள்? யாரும் இழுக்கவில்லை. ஆசைப்பட்டுத்தான் போனேன். ஆசைப்பட்டுப் போனவளுக்குப் பசிக்காதா? அடுத்த கேள்வி.

உண்மையில் பணம்கூட அவ்வளவு வலிக்கவில்லை. முதல் நாள் ஓர் ஆசிரியை என்னை வகுப்பில் இப்படி அறிமுகப்படுத்தினார்: "இவர் இந்தியாவிலிருந்து வருகிறார். ஆனாலும் நன்றாக ஆங்கிலம் பேசுவார்." அந்த 'ஆனாலும்' ஏழு மாதமும் என்னோடு பஸ்ஸில் வந்தது. பிள்ளைகள் அமெரிக்கக்காரியை எதிர்பார்த்திருந்தார்கள். நியூயார்க் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு பையன் கேட்டான். விழுப்புரம் பார்த்திருக்கிறேன் என்றேன். அது எங்கே இருக்கிறது என்று அவன் கேட்க, பலகையில் வரைபடம் போட்டு, அந்த வகுப்பு முழுக்க விழுப்புரம் ஜங்ஷனிலேயே ஓடியது. வழி கேட்பது, டிக்கெட் வாங்குவது, எல்லாம் ஆங்கிலத்தில். என்னுடைய நல்ல வகுப்புகளில் அது ஒன்று. 12 மணி நேரத்தில் அதுவும் சேர்த்தி.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு வந்தேன். நேற்று அந்தப் பெரியவர் அதே இடத்தில் இரண்டாவது கமெண்ட் போட்டிருக்கிறார்: "நம்ம இங்கிலீஷுக்கே அங்க சம்பளம் தராங்கன்னா பாத்துக்கோங்க." அந்த 'ஏ' இருக்கிறதே, அதை எந்த வெள்ளைக்காரரும் எனக்குப் போட்டதில்லை. அவர்கள் 'ஆனாலும்' என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். என்னை எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் போடச் சொல்லி அப்பாவை நச்சரித்ததே இவர்தான்.

ஈபிள் கோபுரத்தின் முன்னால் நான் நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முன்னூறு லைக். அன்றைக்கு நான் பாரிஸ் போனது, மலிவு டிக்கெட் பஸ் பிடித்து, நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லாசப்பலில் அரிசியும் கறிவேப்பிலையும் வாங்க. திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கோபுரத்தடிக்குப் போனேன். பத்துக் கிலோ அரிசிப் பை காலடியில் இருந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டேன். முதல் ஆளாக வந்து இதயம் போட்டவர் அந்தப் பெரியவர்தான்.