பெட்டகத்துக்கு ஒப்பாரி வைக்கிறவைக்கு

மூண்டு நாளா வாயை மூடிக்கொண்டுதான் இருந்தனான். அம்மாவின்ர சாமானறையைத் துப்பரவாக்கி, சில்லு வைச்ச பழைய மரப் பெட்டகத்தையும் வித்துப்போட்டு, போன கிழமை நான் போட்ட சாமானறைப் படத்துக்குக் கீழ நடந்த கூத்தைப் பாத்திருப்பியள். பாக்காதவைக்கு ஸ்கிரீன் ஷொட் போயிருக்கும், எங்கட சனம் அதில ஒரு குறையும் விடாது. "தாயின்ர ஆண்டுத் திவசம் முடிஞ்ச கையோட வேரைப் புடுங்கி வித்த மகள்." எண்டொரு கொமென்ற், அதுக்கு 64 லைக். நல்லது.

நான் அனுப்பினது வீட்டில ஒருத்தருக்கும் உதவாமல் கிடந்த சாமானை. அம்மாவை இல்லை. இது ரெண்டும் வேற வேற எண்டு விளங்கப்படுத்த வேண்டி வந்ததே எனக்கு வெக்கமாக் கிடக்கு.

அந்த அறைக்குள்ள என்ன இருந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்காட்டியும் சொல்லுறன். ஓடாத ஃபான் மூண்டு. படம் தெரியாத பெட்டி ரீவி ரெண்டு. கசெற் சிக்கினபடி ஒரு டெக். மூடி இல்லாத ஐஸ்கிறீம் டப்பா, மாஜரின் டப்பா எல்லாமாச் சேத்து 143. எண்ணினனான், மகன் சாட்சி. டப்பா இல்லாத மூடி வேற. ஹோர்லிக்ஸ் போத்தல், நெஸ்பிரே ரின், கழுவிக் காயவைச்சு நாலா மடிச்ச சீமெந்துப் பை, கால் ஒடிஞ்ச கதிரை, ஓட்டை விழுந்த கிடாரம். கலியாண வீடுகளில கிடைச்ச எவர்சில்வர் கிண்ணங்கள், ஒண்டிலயாவது ஆரும் சோறு போட்டுத் திண்டதில்லை. எல்லாத்துக்கும் மேல எலிப்புழுக்கை. உங்கட வேர் இதுதான் எண்டா நான் புடுங்கினது சரிதான்.

அம்மா ஏன் சேத்தவ எண்டு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 90 இல அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போடேக்க எனக்கு 14 வயசு. சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, மண்ணெண்ணெய் எண்டா பொன். ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, அது நனையக் கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில படிச்சுத்தான் ஓஎல் சோதினை எடுத்தனான். பின்னேரத்தில அப்பா முத்தத்துக் கல்லில குந்தியிருந்து வளைஞ்ச ஆணியளைத் தட்டி நிமித்துவார். ஒரு ஆணியைத் தட்டுவார், கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாப்பார், திருப்பி வைச்சு இன்னொருக்காத் தட்டுவார். நிமிந்தது ஒரு லக்ஸ்பிரே ரின்னுக்குள்ள போகும். நிமிராததையும் எறியமாட்டார், அதுக்கு வேற ரின். அப்பிடிச் சீவிச்ச வீட்டில வெறும் போத்தல் வெறும் போத்தலாத் தெரியாது. எனக்கு விளங்குது. ஆனா விளங்கிறது வேற, அதுக்குள்ள குடியிருக்கிறது வேற.

இன்னொண்டு. 95 ஐப்பசி 30 இரவை எல்லாரும் மறந்திட்டியளோ? சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்த இரவு. செம்மணியிலயும் நாவற்குழிப் பாலத்திலயும் மழைக்குள்ள அங்குலம் அங்குலமா நகர்ந்தம். சைக்கிள் ஹாண்டிலில ஒரு பாக், கரியரில அரிசி மூட்டை, அம்மாவின்ர கையில சேலைத்துணியால சுத்தின சாமிப்படம். வேற ஒண்டும் இல்லை. கொடிகாமத்தில ஒரு மாட்டுக்கொட்டில் பத்திக்குள்ள ஆறு மாசம் அந்தச் சாமானோடதான் இருந்தம். 96 சித்திரையில திரும்பி வந்து பாத்தா கதவு, நிலை ஒண்டும் இல்லை, வெண்கலம் ஒரு துண்டு இல்லை. பெட்டகம் மட்டும் கிடந்தது, தூக்கேலாத பாரமெண்டபடியால். கள்ளனே வேண்டாமெண்டு விட்டிட்டுப் போன சாமானுக்குத்தான் இப்ப நீங்கள் அழுகிறியள்.

அதின்ர அடிப்பலகை முழுக்கக் கறையான். சில்லு நாலில ரெண்டு இல்லை. உள்ளுக்குப் பழைய பஞ்சாங்கமும் கரப்பானும். பழைய மரச்சாமான் திருத்துற ஒருத்தர் வந்து தட்டிப் பாத்துப்போட்டு 40,000 சொன்னார், பட்டா லொறி பிடிச்சு ஏத்தி விட்டன். ஓம், காசுக்குத்தான். அந்தக் காசில குசினிப் பக்கக் கூரைக்கு ஓடு மாத்தினனான், இனி மழைக்கு அடுப்படியில சட்டி வைக்கத் தேவையில்லை. பெட்டகம் ஏதோ ஹோட்டல் முன் அறைக்குப் போகுதாம். போகட்டும். துடைப்பினம், எண்ணெய் பூசுவினம். "வெளிநாட்டுக்காரன் முன்னால நிண்டு படம் எடுக்கவோ எங்கட பெட்டகம்?" எண்டு கேட்டவர் இருக்கிறதும் வெளிநாட்டிலதான். அவரும் வந்து எடுக்கலாம்.

ஒரு அறிவாளி எழுதியிருந்தவர், யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சவைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் எண்டு. 81 இல எரிஞ்ச 97,000 புத்தகத்தையும் என்ர மாஜரின் டப்பாவையும் ஒரே தராசில வைக்க ஒரு தனி மூளை வேணும். கடதாசி ஒரு துண்டும் எறியேல்லை ஐயா. அப்பாவின்ர சஞ்சிகைகள், கோயில் மலர்கள், காணி உறுதி எல்லாம் தனியாக் கட்டி வைச்சிருக்கிறன். பழைய தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில சேத்து வைக்கிற நூலக நிறுவனத்தோட கதைச்சு ஸ்கான் பண்ணக் குடுக்கிற யோசினை.

நியாயமான கேள்வி எண்டு பாத்தா ஒண்டுதான், 2022 மாதிரி இன்னொரு தட்டுப்பாடு வந்தா என்ன செய்யிறது எண்டது. அப்ப காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அம்மா சாமானறைக்குள்ள போய்ப் பழைய விறகடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சிட்டு, "பாத்தியே பிள்ளை" எண்டு ஒரு சிரிப்புச் சிரிச்சவ. சரி, தோத்துப்போனன். அந்த அடுப்பு இப்பவும் வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள இருக்கு. ஆனா ஒரு அடுப்புக்காக 143 டப்பாவோ? அடுத்த பஞ்சத்துக்கு டப்பாவைத் திண்ணுறதோ? விடுங்கோ.

டெங்கைப் பற்றி மட்டும் ஒரு வேர்க்காரரும் வாய் திறக்கேல்லை. அறை நிரம்பி மிச்சச் சாமான் கோடிப்புறத்தில கிடந்தது. முந்தின வருசம் கார்த்திகை மழைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒவ்வொரு டப்பாவாச் சரிச்சுக் காட்டினார், புழு நெளியுது. அந்த நுளம்பின்ர முட்டை தண்ணியில்லாமலே மாசக்கணக்காக் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்குமாம். ஒரு கிழமை, பத்து நாளில பறக்கும். எனக்கு அதை ஆரும் சொல்லத் தேவையில்லை. மகனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் 38,000 க்கு இறங்கினபோது ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியில வாங்கில ரெண்டு இரவு குந்தியிருந்தவள் நான். அப்ப ஏன் வேர் ஒண்டும் வந்து இளநி வெட்டித் தரேல்லை?

தேவையில்லாத சாமானை எறியச் சொல்லுற ஆரோ ஜப்பான் பொம்பிளையின்ர வீடியோவை நான் பாத்துக் கெட்டுப்போனன் எண்டும் ஒரு கதை. அந்த மரி கொண்டோவே மூண்டாவது பிள்ளைக்குப் பிறகு வீட்டை ஒழுங்கா வைக்கிறதைக் கொஞ்சம் கைவிட்டிட்டன் எண்டு 2023 இல சொல்லிப்போட்டா. எனக்கு முழங்கால் நோகுது, குனிஞ்சு கூட்டேலாது. இவ்வளவுதான் என்ர தத்துவம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. சாமானறையில பாதி அம்மாவின்ர இல்லை. சண்டையால மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு வருசா வருசம் வெளிநாட்டில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவை விட்டிட்டுப் போனது. சில்லு உடைஞ்ச சூட்கேஸ் ஏழு. "மாமி, இது இருக்கட்டும், அடுத்தமுறை வரேக்க எடுக்கிறன்." பிள்ளை தள்ளுற வண்டில் ஒண்டு, அந்தப் பிள்ளை இப்ப யூனிவேசிற்றி. குளிர் ஜக்கெற் அஞ்சு. கோண்டாவிலில, வைகாசி வெயிலுக்க, அஞ்சு குளிர் ஜக்கெற்! அம்மா அதுகளைப் பூச்சி உருண்டை போட்டு, வருசத்தில ரெண்டுதரம் வெயில்ல உதறி, திருப்பி மடிச்சு வைப்பா. கடைசி ரெண்டு வருசமும் அவவால ஏலாது, நான் உதறினனான். கொமென்ற் போட்டவையில மூண்டு பேற்ற சூட்கேஸ் அதுக்குள்ள கிடந்தது. பேர் சொல்லமாட்டன். லேபலில இருக்கு.

வேர், மண், மரபு. சொல்லுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. அந்த மண்ணைக் கூட்டுறது ஆர்? அம்மாவுக்குப் பம்பர்ஸ் மாத்தினது ஆர்? "அங்க எல்லாம் ஓகேயோ?" எண்டு ஞாயிறு ஞாயிறா ஒரு மெசேஜ், அதுக்கு நான் ஒரு கும்பிடு பொம்மை அனுப்புவன். கொள்ளி வைச்சது என்ர மகன். கீரிமலையில அந்தியேட்டிக்கு மொட்டையடிச்சு நிண்டதும் அவன்தான், 17 வயசுப் பெடியன். மற்றவை வீடியோவில பாத்தவை. சிக்னல் விட்டு விட்டு வந்ததெண்டு குறையும் சொன்னவை.

அந்த 64 லைக்கையும் ஒவ்வொண்டாப் பாத்தனான், இரவு ஒரு மணிக்கு. தெரியாத ஆக்கள், பள்ளிக்கூடத்தில படிச்ச ஒருத்தி, ரெண்டு சித்தி மகள்மார். கடைசியில அண்ணான்ர படம்.

கை தட்டுப்பட்டிருக்கும் எண்டுதான் முதல்ல நினைச்சனான். மூண்டு நாள் பாத்தன், எடுக்கேல்லை.

சரி. சூட்கேஸ், வண்டில், கிண்ணங்கள் எல்லாம் இன்னும் விறாந்தையில இருக்கு. தேவையானவை நல்லூர்ப் பூங்காவனத் திருவிழா முடியிறதுக்குள்ள வந்து எடுக்கலாம், தேத்தண்ணி தருவன். அதுக்குப் பிறகு வந்து கேட்டா பழைய இரும்புக்காரன்ர நம்பர்தான் தரலாம். ஆணி ரின்னை ஒருத்தரும் கேக்க வேண்டாம்.

அண்ணா, உங்கட கறுப்பு ஜக்கெற் விறாந்தையில இல்லை. 2011 இல நீங்கள் விட்டிட்டுப் போனது, பொக்கெற்றுக்குள்ள ஒரு பஸ் ரிக்கெற்றும் இருந்தது. தோய்ச்சுக் கொடியில போட்டிருக்கிறன். இந்த வெயிலுக்கும் அது காய ரெண்டு நாள் எடுக்குது.